ஒரு தெருவே ஊரான கதை

ஒரு நகரத்தின் புகழை அதன் அரண்மனைகளும் ஆலயங்களும் அங்காடிகளும் பரப்புகின்றன. ஆனால் அந்நகரத்தின் வாழ்வு நடைபெறும் இடம் வேறு. வேலை முடிந்து மாலையில் மக்கள் திரும்பும் தெரு, குழந்தைகள் அச்சமின்றி ஓடியாடும் நடைபாதை, முதியோர் அமர்ந்து பேசும் மரநிழல் ஆகியவையே அந்த இடம். வரலாற்று நூல்கள் முன்னவற்றுக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. பின்னவற்றுக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அரிது. அமைதியாக வாழும் மக்களுக்கு வரலாறு ஏது என்று எண்ணிவிடுகிறோம் போலும்.

உண்மையில், அமைதியான குடியிருப்பு ஒன்று தானாக உண்டாவதில்லை. எவரோ ஒருவர் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்; எவரோ சிலர் அதற்காகப் பணமும் உழைப்பும் செலவிட்டிருக்க வேண்டும்; பின்வந்தோர் அதைக் காத்திருக்க வேண்டும், அல்லது காக்கத் தவறியிருக்க வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிடில் இருக்கிறது. ‘சியுதாத் லினேயால்’ என்பது அதன் பெயர். ‘நேர்கோட்டு நகரம்’ என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம். ஒரே தெருவை ஊராக்க முயன்ற ஒரு மனிதரின் கதை அது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் அளித்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போவது.

முதலில் அக்கால மாட்ரிடைச் சற்று நோக்குவோம். இரண்டாம் பிலிப் மன்னர் 1561-ஆம் ஆண்டில் தமது அரசவையை அங்கு நிலைபெறச் செய்தார். 1625-ஆம் ஆண்டு எழுப்பத் தொடங்கிய மதில் ஒன்று ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலம் நகரைச் சுற்றி நின்றது. பகைவரைத் தடுக்கும் கோட்டை மதில் அன்று அது. நகருக்குள் வரும் பண்டங்களுக்குச் சுங்கம் வாங்குவதற்காக எழுந்த மதில். மக்கள் பெருகினர், மதிலோ விரியவில்லை. ஆகவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. 1857-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1900-இல் அத்தொகை சுமார் 5 லட்சத்து 40 ஆயிரமாக உயர்ந்துவிட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நகரம் கிட்டத்தட்ட இருமடங்காயிற்று.

இம்மக்கள் எங்கே வாழ்ந்தனர்? வசதி படைத்தோர் மாடிக் கட்டிடங்களின் முதல் தளத்தில் தெருவை நோக்கிய அறைகளில் வாழ்ந்தனர். மேலே செல்லச் செல்ல வாடகை குறையும். கூரையை ஒட்டிய அறைகளில் ஏழைகள் ஒண்டியிருந்தனர். தொழிலாளர் பலருக்குக் ‘கொர்ராலா’ எனப்படும் கட்டிடங்களே புகலிடம். நடுவில் ஒரு முற்றம். அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் மரத்தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிற்றறைகள். எல்லாருக்கும் பொதுவாகத் தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும். மும்பையின் ‘சால்’ குடியிருப்புகளை அறிந்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்ற அரசு முயலாமல் இல்லை. கார்லோஸ் மரியா தே காஸ்த்ரோ என்ற பொறியியலாளர் வகுத்த நகர விரிவுத் திட்டத்துக்கு 1860-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. 1868-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மதிலும் இடிக்கப்பட்டது. காஸ்த்ரோவின் திட்டத்தில் அகன்ற வீதிகளும் கட்டிடத் தொகுதிகளுக்குள் தோட்டங்களும் இடம்பெற்றிருந்தன. ஆனால் நில உடைமையாளர்களின் நெருக்குதலால் சில ஆண்டுகளுக்குள்ளேயே விதிகள் தளர்த்தப்பட்டன. தோட்டத்துக்கென ஒதுக்கிய இடம் சுருங்கிற்று, சுவர்கள் உயர்ந்தன. தோட்டத்தைக் காட்டிலும் கட்டிடமே மிகுந்த ஆதாயம் தரும் என்ற கணக்கு வென்றது. இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கதையின் முடிவில் இது மீண்டும் தலைகாட்டும்.

இத்தகைய நகரில் 1844-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர்த்துரோ சோரியா. அவர் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்லர். கட்டிடக் கலைஞரும் அல்லர். அரசுப் பணி, அரசியல், பத்திரிகை எழுத்து ஆகிய பல துறைகளில் ஈடுபட்டவர். வடிவ கணிதத்தில் தீராத காதல் கொண்டவர். ரயில் நிலையங்களையும் சந்தைகளையும் இணைக்கும் டிராம் பாதை ஒன்றை மாட்ரிடில் அமைப்பதில் முனைந்து, அத்தொழிலின் நுட்பங்களை அனுபவத்தால் அறிந்தவர். டிராம் செல்லும் வழியெல்லாம் நிலத்தின் விலை உயர்வதை அவர் கண்ணாரக் கண்டார். அந்த உயர்வினால் சிலர் செல்வராவதையும், பலர் வாடகை தர இயலாது மேலும் ஒடுங்குவதையும் கண்டார். நிலத்தின் மதிப்பைச் சமூகமே உண்டாக்குகிறது என்ற அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜின் கருத்து அவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

1882-ஆம் ஆண்டில் ‘எல் புரோகிரேசோ’ என்ற நாளிதழில் சோரியா எழுதிய கட்டுரைகளில் நேர்கோட்டு நகரம் முதன்முதலாக உருப்பெற்றது. அவர் கருத்தின் சாரம் எளியது. நகரங்கள் வட்டமாக வளர்கின்றன. வட்டத்தின் நடுவே நிலம் குறைவு, விலை அதிகம். ஓரத்தில் நிலம் மிகுதி, வசதி குறைவு. ஆகவே எல்லாரும் நடுவை நோக்கி நெருங்குகின்றனர். வட்டத்தை விடுத்துக் கோட்டைக் கொண்டால் என்ன? ஏறக்குறைய 500 மீட்டர் அகலமுள்ள ஒரே நெடுந்தெரு. அதன் நடுவில் ரயிலும் டிராமும். தண்ணீர், விளக்கு, கழிவுநீர் ஆகியவற்றுக்கான குழாய்களும் கம்பிகளும். தெருவின் இருபுறமும் வீடுகள். வீடுகளுக்கு அப்பால் வயலும் தோப்பும். நீளத்துக்கு எல்லை வேண்டியதில்லை. அத்தெருவின் ஒரு முனை ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள காதிஸ் துறைமுகமாகவும் மறு முனை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரமாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கு அவர் கற்பனை விரிந்தது.

கற்பனை எவ்வளவு நீண்டதாயினும் அதன் மையத்தில் இருந்தது சிறியதொரு பொருளே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு வீடு வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காய்கறித் தோட்டமும் ஒரு பூந்தோட்டமும் வேண்டும் என்பதே அவர் விடாது கூறிவந்த கொள்கை. நகரத்தைக் கிராமமாக்குவதும் கிராமத்துக்கு நகரத்தின் வசதிகளை அளிப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று அவர் நம்பினார். இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்டு தமது தோட்ட நகரத் திட்டத்தை நூலாக வெளியிட்டது 1898-ஆம் ஆண்டில்; அதன்படி லெட்ச்வொர்த் நகரம் எழத் தொடங்கியது 1903-இல். சோரியாவின் கட்டுரைகள் அந்நூலுக்குப் பதினாறு ஆண்டுகள் முந்தியவை.

எழுத்தோடு நில்லாமல் அவர் செயலிலும் இறங்கினார். மாட்ரிட் நகரைக் குதிரை லாடம் போல வளைத்துச் செல்லும் ஒரு பாதையை அவர் திட்டமிட்டார். வடக்கே புவென்கர்ரால் முதல் மேற்கே பொசுவேலோ வரை, சுற்றுப்புறக் கிராமங்களைத் தொடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு அது செல்ல வேண்டும். 1894-ஆம் ஆண்டில் ‘மாட்ரிட் நகராக்கக் கம்பெனி’ தோன்றிற்று. பெரிய வங்கிகளையும் பிரபுக்களையும் நம்பாமல், பங்குகளையும் கடன் பத்திரங்களையும் சிறு சேமிப்பாளர்களிடம் விற்று அது முதல் திரட்டியது. நகரின் வடகிழக்கே, அக்காலத்தில் தரிசாகவும் கோதுமை வயலாகவும் கிடந்த நிலத்தில், அதே ஆண்டில் பணி தொடங்கிற்று.

கம்பெனி வகுத்த விதிகள் கவனிக்கத்தக்கவை. முதன்மைத் தெருவின் அகலம் 40 மீட்டர். அதாவது சுமார் 130 அடி. அதை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்களின் அகலம் 20 மீட்டர். மனையின் மிகக் குறைந்த அளவு 400 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்றே முக்கால் கிரவுண்டுக்குச் சற்று மேல். அந்த மனையிலும் ஐந்தில் ஒரு பங்கில்தான் வீடு கட்டலாம். எஞ்சிய நான்கு பங்கும் தோட்டத்துக்கு உரியது. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டின் சுவரைத் தொடக்கூடாது. ஆகவே எந்த வீட்டுக்கும் நான்கு பக்கமும் காற்றும் வெயிலும் உண்டு. முழுத் தொகையையும் ஒருங்கே தர இயலாதவர்கள் தவணை முறையில் செலுத்தி மனைக்கு உரிமையாளராகலாம்.

மற்றொரு சிறப்பும் உண்டு. செல்வரின் மாளிகைகள் முதன்மைத் தெருவை நோக்கி நின்றன. நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளும் தொழிலாளரின் சிறு வீடுகளும் குறுக்குத் தெருக்களிலும் உட்புறத்திலும் அமைந்தன. செல்வருக்கு ஒரு பேட்டை, ஏழைக்கு மற்றொரு பேட்டை என்று பிரிக்க சோரியா விரும்பவில்லை. மாட்ரிடின் மாடிக் கட்டிடங்களில் மேல், கீழ் என்று அடுக்கப்பட்டிருந்த மக்கள் இங்கே ஒரே தரையில் அடுத்தடுத்து வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். வீட்டின் அளவு வேறுபடலாம். ஆனால் தோட்டத்தின் விகிதம் எல்லாருக்கும் ஒன்றே.

நகரத்தினின்று விலகிய இடத்தில் குடும்பங்கள் வந்து தங்க வேண்டுமானால் போக்குவரத்து வேண்டும். கம்பெனியே டிராம் பாதைகளை அமைத்தது. முதலில் கால்நடைகள் வண்டியை இழுத்தன. பின்னர் நீராவி இயந்திரம் வந்தது. அதன்பின் மின்சாரம் வந்தது. தண்ணீரையும் விளக்கையும் கம்பெனியே அளித்தது. நாடக அரங்கு ஒன்றும், மிதிவண்டிப் பந்தயத் திடல் ஒன்றும், பந்தாட்டக் கூடம் ஒன்றும் எழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்ரிட் மக்கள் டிராம் ஏறி அங்கு காற்று வாங்க வந்தனர். வந்தவர்களுள் சிலர் மனை வாங்கித் தங்கிவிட்டனர். 1897-ஆம் ஆண்டு முதல் கம்பெனி அவ்வூரின் பெயர் கொண்ட இதழ் ஒன்றையும் வெளியிட்டது. நகரமைப்புக்கென்றே உலகில் நடத்தப்பட்ட மிகப் பழைய இதழ்களுள் அது ஒன்று என்பர்.

மரம் நடுவதில் கம்பெனி காட்டிய ஊக்கத்தைத் தனியே கூற வேண்டும். மாட்ரிட் கடல் மட்டத்துக்கு 650 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மழை குறைந்த மேட்டு நிலத்தில் அமைந்தது. கோடை கடுமையானது, குளிரும் அவ்வாறே. நிழலில்லாத அந்த மேட்டில் தெருவின் நெடுகிலும் மரங்களை வரிசையாக நட்டு, நீர் பாய்ச்சி வளர்த்தனர். மரம் அங்கே அலங்காரமன்று. தெருவில் மனிதர் நடமாடுவதற்கே அது இன்றியமையாதது.

இனி இடர்ப்பாடுகளைக் காண்போம். 50 கிலோமீட்டர் நீளத்துக்கு வரைந்த தெருவில் உண்மையில் உருவானது ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே. காரணம் என்ன? கோட்டு நகரத்துக்கு நிலம் தொடர்ச்சியாக வேண்டும். இடையில் ஒரே ஓர் உடைமையாளர் மறுத்தாலும் கோடு அறுந்துபோகும். நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கம்பெனிக்கு இல்லை. விரும்பி விற்போரிடமே அது வாங்க வேண்டியிருந்தது. டிராம் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் விலை ஏறிற்று. நில விலையின் ஏற்றத்தைக் கட்டுப்படுத்த எண்ணிய திட்டமே அந்த ஏற்றத்துக்குக் காரணமாயிற்று. இங்கொரு வளைவு, அங்கொரு இடைவெளி என்று தெரு தன் நேர்மையைச் சிறிது சிறிதாக இழந்தது.

1914-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. ஸ்பெயின் அப்போரில் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் கம்பெனி அவ்வாண்டில் கடன்களைத் திருப்பித் தர இயலாது பணம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. சிறு சேமிப்பாளர்களின் நம்பிக்கையில் எழுந்த நிறுவனத்துக்கு இது பேரிடி. நிறுவனம் முற்றும் அழியவில்லை. ஆனால் தெருவை மேலும் நீட்டும் ஆற்றல் அதற்குப் பின்னர் வாய்க்கவில்லை. 1920-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சோரியா காலமானார்.

விந்தை என்னவென்றால், ஊர் நின்றுபோன பின்பும் கருத்து பயணம் செய்தது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1913-ஆம் ஆண்டில் கூடிய நகரமைப்பு மாநாட்டில் இத்திட்டம் எடுத்துரைக்கப்பட்டது. சோவியத் ரஷ்யாவில் நிக்கொலாய் மில்யூத்தின் 1930-இல் வெளியிட்ட நூலில், தொழிற்சாலைகளும் வீடுகளும் இடையே பசுமைப் பட்டையுடன் இணைகோடுகளாகச் செல்லும் நகர் ஒன்றைக் காட்டினார். நமது சண்டிகரை வகுத்த லெ கொர்புசியேயும் தொழில் நகரங்களைக் கோட்டு வடிவில் அமைப்பது பற்றிச் சிந்தித்தவரே. ஆனால் இவற்றில் எல்லாம் போக்குவரத்தும் உற்பத்தியும் முன்னே நின்றன. குடும்பத்தின் காய்கறித் தோட்டம் பின்னே மறைந்துவிட்டது.

1936-ஆம் ஆண்டு முதல் 1939-ஆம் ஆண்டு வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது மாட்ரிட் நெடுநாள் முற்றுகையில் தவித்தது. போர் முடிந்தபின் நாட்டுப்புறத்தினின்று மக்கள் பெருந்திரளாகத் தலைநகரை நோக்கி வந்தனர். தனிக் கிராமங்களாக இருந்த சமார்த்தின் 1948-லும், கனீயாஸ் 1950-லும், விகால்வரோ 1951-லும் மாட்ரிடுடன் இணைக்கப்பட்டன. நேர்கோட்டு நகரம் இவற்றின் எல்லைகளுக்குள் அடங்கியிருந்ததால் அதுவும் பெருநகரின் ஓர் உறுப்பாயிற்று. வட்டத்தை விலக்க எண்ணிய கோட்டை வட்டமே விழுங்கிவிட்டது.

அதன்பின் பழைய கணக்கு மீண்டும் தலைகாட்டிற்று. ஒரு குடும்பம் வாழும் தோட்ட வீட்டின் மனையில் பல குடும்பங்களுக்கான அடுக்குமாடிக் கட்டிடம் எழுப்பினால் கிடைக்கும் ஆதாயம் பன்மடங்கு. 1960-களிலும் 1970-களிலும் தோட்ட வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டன. நிறுவியவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு என்ற விதி பழங்கதையாயிற்று. மாட்ரிடின் டிராம் போக்குவரத்து 1972-ஆம் ஆண்டில் முடிவுற்றது. கடைசிவரை ஓடிய தடங்களுள் இத்தெருவின் தடமும் ஒன்று. ‘சியுதாத் லினேயால்’ என்ற பெயருடைய சுரங்க ரயில் நிலையம் 1964-இலும், ‘ஆர்த்துரோ சோரியா’ என்ற நிலையம் 1979-இலும் திறக்கப்பட்டன.

அப்படியானால் திட்டம் தோல்வியுற்றது என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது முழு உண்மையாகாது. முதன்மைத் தெரு இன்றும் இருக்கிறது. அதற்கு ஆர்த்துரோ சோரியாவின் பெயரே வழங்குகிறது. ‘சியுதாத் லினேயால்’ என்பது இப்போது மாட்ரிட் மாநகரின் ஒரு மாவட்டத்தின் பெயர். தெருவின் அகலம் குறையவில்லை; மரவரிசைகள் நிழல் தருகின்றன; புதிய கட்டிடங்கள் பலவும் தெருவினின்று சற்று விலகி, முன்புறம் பசுமையுடன் நிற்கின்றன. அவற்றினிடையே பழைய தோட்ட வீடுகள் சில எஞ்சியிருக்கின்றன. பெருநகரின் நடுவே குடும்பங்கள் விரும்பித் தேடும் அமைதியான குடியிருப்புகளுள் ஒன்றாக அத்தெருவின் பல பகுதிகள் விளங்குகின்றன. ஆனால் அந்த அமைதிக்கு இன்று விலை மிக அதிகம். தொழிலாளியும் செல்வரும் அடுத்தடுத்து வாழ வேண்டும் என்ற எண்ணம் அங்கே எஞ்சியிருக்கவில்லை.

எது நிலைத்தது, எது அழிந்தது என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது. தனித்தனி உடைமையாக விற்கப்பட்ட தோட்டம் அழிந்தது. பொதுவுடைமையாக விடப்பட்ட தெரு நிலைத்தது. தோட்டத்தைக் காக்க இருந்தது ஒரு கம்பெனியின் ஒப்பந்த விதி மட்டுமே. கம்பெனி தளர்ந்ததும் விதியும் தளர்ந்தது. தெருவையோ எவரும் தமது பங்கென்று விற்க இயலவில்லை. ஆகவே 40 மீட்டர் அகலமும் அதன் மரங்களும் வீடுகளைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றன. தனி மனிதருக்கு வாக்களித்த பசுமை மறைந்து, அனைவருக்கும் விட்டுவைத்த பசுமை தங்கிற்று.

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த நம்மவர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமன்று. ஊரில் விட்டுவந்த கொல்லைப்புறத்தையும் முருங்கை மரத்தையும் நினைத்துக்கொண்டு, மூன்றாம் மாடியில் துளசித் தொட்டி வைத்து வாழ்பவர்கள் நாம். சொந்தமாக ஒரு வீடு, அதைச் சுற்றிச் சிறிது மண் என்ற ஆசை இயல்பானதே. அந்த ஆசை எல்லாருக்கும் நிறைவேறுமா என்பது ஐயமே. ஆனால் நாம் வாழும் குடியிருப்பின் பொது இடம், அதாவது நடைபாதையும் சிறுவர் விளையாடும் திடலும் வாயிலில் நிற்கும் வேப்பமரமும், நமது கவனத்தில்தான் இருக்கின்றன. ஆயினும் வீட்டின் உட்புறத்துக்கு நாம் செலவிடும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையும் அவற்றுக்குச் செலவிடுவதில்லை.

ஐந்து கிலோமீட்டரோடு நின்றுபோன ஒரு தெரு, நூற்றாண்டுக்கு மேலாகியும் தன்மீது நடப்போருக்கு நிழல் தந்துகொண்டிருக்கிறது. அந்த மரங்களை நட்டவர்களுள் பெரும்பாலோரின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த வீடுகளும் இன்று இல்லை. பிறருக்கெனத் தெருவோரத்தில் அவர்கள் விட்டுச் சென்றதே அவர்களுக்குப் பின்னும் நிற்கிறது.